போர்ப்பணிகளுக்கு ஆண்–பெண் பேதமில்லாத உடல்தகுதித் தரநிலை: எப்படி உருவாக்குவது, எங்கே பிசகுகிறது?

சுமைதாங்கி (இழையைத் தொடங்கியவர்)

போர்ப்பணியில் பெண்கள் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் "அவர்களால் முடியுமா, முடியாதா" என்ற சண்டையில் போய்த்தான் நிற்கிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எதை முடிக்கவேண்டும்? எத்தனை கிலோ, எவ்வளவு தூரம், எத்தனை நிமிடத்தில்? இதை எழுதிவைக்காத படையில் ஆணுக்கும் தரநிலை கிடையாது. காலங்காலமாக வந்த ஒரு பழக்கம்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு வகைத் தேர்வுகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று பொது உடல்நலத் தேர்வு: புஷ்-அப், பிளாங்க், 2.4 கி.மீ. ஓட்டம் போன்றவை. ஒருவர் தன் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ற நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கானது. இதில் வயதுவாரியாக, பாலினவாரியாகத் தனி அட்டவணை வைப்பதில் தவறே இல்லை. மற்றது பணித் தேர்வு. 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஏறக்குறைய 43 கிலோ. தூக்குபவர் ஆணா பெண்ணா, வயது 22-ஆ 42-ஆ என்பதைப் பொறுத்து அதன் எடை மாறாது. எனவே பணித் தேர்வில் அட்டவணை ஒன்றுதான் இருக்கமுடியும். இந்த இரண்டையும் ஒரே தேர்வில் அடக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

ஏற்கெனவே நடைமுறையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

கனடா: ஃபோர்ஸ் தேர்வு. 20 மீட்டர் பாய்ச்சல் ஓட்டங்கள் 51 விநாடிக்குள். 20 கிலோ மணல்மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்கு 30 முறை, 3 நிமிடம் 30 விநாடிக்குள். சுமையோடும் சுமையின்றியும் மாறி மாறி ஷட்டில் (போய்த் திரும்பும் நடை அல்லது ஓட்டம்), 5 நிமிடம் 21 விநாடிக்குள். மூட்டைகளை 20 மீட்டர் நிற்காமல் இழுப்பது. குறைந்தபட்சம் எல்லா வயதுக்கும் இரு பாலினத்துக்கும் ஒன்றே. அதைத் தாண்டிச் சிறப்பாகச் செய்பவர்களுக்கான ஊக்கநிலைகள் மட்டும் வயது, பாலின வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பிரிட்டன்: 2018 அக்டோபரில் எல்லாப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. 2019-இல் பணிசார் தேர்வு வந்தது. நெருங்கிச் சண்டையிடும் பிரிவுகளுக்கு 40 கிலோவோடு 4 கி.மீ. 50 நிமிடத்தில், அதைத் தொடர்ந்து 25 கிலோவோடு 2 கி.மீ. 15 நிமிடத்தில். பிறகு 110 கிலோ மூட்டையை 20 மீட்டர் இழுத்தல், 22 கிலோ தண்ணீர் கேன்கள் இரண்டை 240 மீட்டர் சுமத்தல் என்று நீளும்.

அமெரிக்கா: ஆள்சேர்ப்பின்போதே ஓபாட் என்ற தேர்வு, 2017 ஜனவரி முதல். மிகக் கடினமான பணிப்பிரிவுக்கு நின்றநிலை நீளத் தாண்டல் 160 செ.மீ., உட்கார்ந்தபடி 2 கிலோ பந்தெறிதல் 450 செ.மீ., டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்தல், 160 பவுண்டு (சுமார் 73 கிலோ), பீப் ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டி ஓடும் பீப் ஓட்டம் 43 ஷட்டில். இங்கும் ஆண்–பெண் அட்டவணை கிடையாது.

இந்த எண்களை அப்படியே காப்பியடித்து வேறு படைக்கு வைக்கமுடியாது. உபகரணம் மாறினால், நிலப்பரப்பு மாறினால், ஒரு வண்டியில் எத்தனை பேர் என்பது மாறினால் எண்ணும் மாறும். எண்ணைப் பெறும் வழியைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். அந்த வழியை இங்கே படிப்படியாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

களம்

பணிப் பகுப்பாய்விலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான தரநிலைகள் கெடுவது இந்த முதல் கட்டத்தில்தான்.

ஒரு பணிப்பிரிவை எடுத்து, அதில் செய்யப்படும் உடலுழைப்பு வேலைகளையெல்லாம் எழுதினால் எளிதாக நூறைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண்: எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடினம், தவறினால் என்ன ஆகும். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. காயம்பட்டவரை இழுத்துக் காப்பாற்றுவது அரிதாக நடப்பது. சராசரி எடுத்தால் பட்டியலின் அடிக்குப் போய்விடும். தவறினால் உயிர் போகும் வேலை எதுவானாலும், அரிதாக நடந்தாலும், பட்டியலில் நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே விதி செய்துகொள்ளுங்கள். கடைசியில் 8 முதல் 12 வேலைகள் மிஞ்சினால் போதும்.

அடுத்து அளவெடுத்தல். கையேட்டில் இருக்கும் எடையை நம்பக்கூடாது. ஆட்களைத் தராசில் ஏற்றி, துப்பாக்கி, தோட்டா, கவச உடை, தண்ணீர், ரேடியோ பேட்டரி எல்லாம் சேர்த்து நிறுக்கவேண்டும். கையேட்டில் 25 கிலோ என்றிருப்பது களத்தில் 32 கிலோவாக இருக்கலாம், 20-ஆகவும் இருக்கலாம். எடையோடு கூட எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, கைப்பிடி எப்படிப்பட்டது, ஒருவரா இருவரா, எத்தனை முறை, இடையில் ஓய்வு உண்டா என்பதெல்லாம் குறிக்கப்படவேண்டும். லாரித் தட்டு உயரம் 1.3 மீட்டரா 1.5 மீட்டரா என்பது உயரம் குறைந்தவருக்குப் பெரிய வித்தியாசம். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரிலும் தோளின் பலம் சரசரவென்று குறைகிறது.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல்: "குறைந்தபட்சம் ஏற்கத்தக்கது" எது? அனுபவமுள்ள ஹவில்தாரிடமோ சார்ஜென்டிடமோ "இதை எவ்வளவு நேரத்தில் செய்யவேண்டும்?" என்று கேட்டால், தன் பிரிவிலேயே திறமையான ஆள் செய்யும் நேரத்தைத்தான் சொல்வார். கேள்வியை மாற்றவேண்டும்: "இதைவிட மெதுவாகப் போனால் பணி தோற்றுவிடும் என்ற கோடு எது?"

அதற்கு நல்ல முறை வீடியோ. ஒரே வேலையை ஏழெட்டு வெவ்வேறு வேகத்தில் செய்து படம்பிடியுங்கள். முகமும் உடல்வாகும் தெரியாதபடி நிழலுருவாக்கிவிடுங்கள். வரிசையைக் கலைத்து 12–15 பேர் கொண்ட குழுவுக்குக் காட்டி, ஒவ்வொருவரும் தனித்தனியாக "ஏற்கலாம் / ஏற்கமுடியாது" என்று மட்டும் குறிக்கவேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். குழுவில் உயர் அதிகாரி முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்களின் எண் அவர் எண்ணாகிவிடும். அதனால் பதவிவாரியாகத் தனிக்குழு வைப்பது நல்லது. பாதிப்பேர் ஏற்றுக்கொண்டு பாதிப்பேர் மறுக்கும் வேகம்தான் கோடு.

எண்கணக்கன்

களம் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் கோட்டைக் குறித்துக் கையெழுத்திட்டு மூடிய பிறகுதான் யார் பாஸ், யார் ஃபெயில் என்ற கணக்கையே பார்க்கவேண்டும். தேர்ச்சி விகிதத்தை முதலில் பார்த்துவிட்டால், "கொஞ்சம் ஏற்றலாம்", "கொஞ்சம் இறக்கலாம்" என்று இரண்டு பக்கமும் இழுப்பு வரும். எந்தப் பக்கம் இழுத்தாலும் அது பணியின் எண்ணாக இருக்காது.

இனி மாற்றுத் தேர்வு பற்றி. ஆள்சேர்ப்பு மையத்தில் பீரங்கிக் குண்டை வைத்துத் தேர்வு நடத்தமுடியாது. பயிற்சியில்லாத ஆளுக்கு அது ஆபத்து, இடமும் போதாது. அதனால் டெட்லிஃப்ட், பந்தெறிதல் மாதிரி எளிய தேர்வுகளைக் கொண்டு பணித்திறனைக் கணிக்கிறோம். கணிப்பு சரியா என்று பார்க்க, ஒரே ஆட்களை எளிய தேர்வையும் பணி மாதிரியையும் (பணியின் வேலையையே ஒத்த சோதனை) செய்யவைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்கும் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கைப் போடுவார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகள்:

முதலாவது, ஆண்களையும் பெண்களையும் ஒன்றாகக் கொட்டி ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) கணக்கிடுவது. இரண்டு குழுக்களின் சராசரி வேறு வேறு என்பதாலேயே கெழு பெரிதாகத் தெரியும். படத்தில் இரண்டு கொத்துகள் இருக்கும், கோடு ஒரு கொத்திலிருந்து மற்றதற்குப் போகும். ஒவ்வொரு கொத்துக்குள்ளும் பார்த்தால் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தேர்வு பணித்திறனைக் கணிக்கவில்லை. ஆள் ஆணா பெண்ணா என்பதைத்தான் கண்டுபிடிக்கிறது. பெண்களுக்குள் தனியாக, ஆண்களுக்குள் தனியாகக் கெழுவைப் பார்த்தே தீரவேண்டும்.

இரண்டாவது, கெழு 0.7 வந்தால் கொண்டாடுவது. 0.7 என்றால் பணித்திறனில் உள்ள வேறுபாட்டில் 49 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. மீதிப் பாதி தெரியாது.

மூன்றாவது, தவறாகத் தள்ளப்படுபவர்கள் யார் என்று பார்க்காதது. ஒரு கற்பனைக் கணக்கு: 200 பேர் பணி மாதிரியைச் செய்து பார்க்கிறார்கள். 120 பேரால் முடிகிறது. அவர்களில் 90 ஆண்கள், 30 பெண்கள். எளிய தேர்வில் அந்த 120 பேரில் 108 பேர் பாஸ். 90 சதவீதம், நல்ல தேர்வு என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் வேலை செய்யத் தெரிந்த ஆண்களில் 84 பேர் பாஸ், அதாவது 93 சதவீதம். வேலை செய்யத் தெரிந்த பெண்களில் 24 பேர், அதாவது 80 சதவீதம். எல்லாருக்கும் கட்-ஆஃப் ஒன்றுதான். ஆனாலும் வேலைக்குத் தகுதியான பெண்ணைத் தள்ளும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஒரே எண் வைத்துவிட்டால் பேதம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். இதற்குத் தீர்வு கட்-ஆஃபை இறக்குவது அல்ல, பணியை இன்னும் நன்றாகக் கணிக்கும் வேறு தேர்வைத் தேடுவது. பல இடங்களில் பணி மாதிரிக்கு நெருக்கமான தேர்வு வைத்தாலே இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பணியைச் செய்யமுடியாத 80 பேரில் எத்தனை பேரை எளிய தேர்வு உள்ளே விடுகிறது? அவர்கள் பெரும்பாலும் எந்த வகை உடல்வாகு? இதையும் அதே கண்டிப்போடு பார்க்கவேண்டும். போர்முனையில் அதன் விலையைக் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் ஆள்.

புதுவரவு

அடிப்படைக் கேள்விக்கு மன்னிக்கவும். இத்தனை சிக்கல் எதற்கு? 2.4 கி.மீ. ஓட்டத்துக்கு ஒரே நேரம், புஷ்-அப்புக்கு ஒரே எண்ணிக்கை என்று வைத்துவிட்டால் பேதமில்லாமல் ஆகிவிடாதா?

சுமைதாங்கி

நல்ல கேள்வி, பல படைகள் அப்படித்தான் தொடங்கின. பேதமில்லாத தேர்வு கிடைக்கும், பொருத்தமான தேர்வு கிடைக்காது.

சுமையில்லாத ஓட்டமும் புஷ்-அப்பும் தன் உடலை மட்டும் நகர்த்தும் தேர்வுகள். எடை குறைந்தவருக்கு அவை சாதகம். போர்க்களத்தில் வேலையெல்லாம் வெளியிலிருக்கும் எடையை நகர்த்துவது. அங்கே எடையும் தசையும் கூடியவருக்குச் சாதகம்.

சுமையோடு நடக்க உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று கணக்கிட 1977-இல் வந்த பாண்டால்ஃப் சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. சமதளக் கெட்டி ரோட்டில், மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில், அதாவது பிரிட்டன் தேர்வின் முதல் கட்ட வேகத்தில் கணக்குப் போட்டால்:

25 கிலோ சுமை: 80 கிலோ ஆளுக்கு சுமார் 420 வாட், 55 கிலோ ஆளுக்கு சுமார் 329 வாட். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு என்று பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 மி.லி., 17 மி.லி. ஆக்சிஜன்.

40 கிலோ சுமை: 500 வாட், 436 வாட். கிலோவுக்கு ஏறக்குறைய 18 மி.லி., 23 மி.லி.

பாருங்கள், 25 கிலோவில் வித்தியாசம் சுமார் 14 சதவீதம். 40 கிலோவில் 27 சதவீதம். 40 கிலோ என்பது பெரியவருக்குத் தன் எடையில் பாதி, சிறியவருக்கு 73 சதவீதம். நீண்ட நேரம், அதிகச் சுமை என்று போகும்போது இந்தச் சமன்பாடு உண்மைச் செலவைக் குறைத்தே காட்டுகிறது, எனவே களத்தில் நிலைமை இதைவிடக் கடினம்.

இதில் பாலினமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 55 கிலோ ஆணுக்கும் இதே கணக்குதான். 2.4 கி.மீ. ஓட்டத்தில் முதலாவதாக வரும் ஒல்லியான பையன் 40 கிலோவோடு பின்தங்குவான். ஓட்டத்தில் நடுவில் வரும் 72 கிலோ பெண் அவனைத் தாண்டுவாள். ஓட்டத்தை மட்டும் வைத்து ஆளெடுத்தால் அவன் உள்ளே, அவள் வெளியே. படைக்கு நஷ்டம்.

வழக்காடி

சட்டப் பக்கத்திலிருந்து இரண்டு தீர்ப்புகளைச் சொல்லவேண்டும். இரண்டும் ராணுவ வழக்கு அல்ல, ஆனாலும் தரநிலை எழுதும் எவரும் படிக்கவேண்டியவை.

ஒன்று கனடாவின் மெயோரின் வழக்கு, 1999. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் டானி மெயோரின். புதிதாகக் கொண்டுவரப்பட்ட தேர்வில் 2.5 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்தில் ஓடவேண்டும். விஓ2 மேக்ஸ், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், 50 மி.லி. என்பதற்குச் சமமான அளவாக அதை வைத்திருந்தார்கள். நான்கு முயற்சியிலும் முடியவில்லை, மிகச் சிறந்தது 49.4 விநாடி அதிகம். வேலை போனது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் "பெண் என்பதால் சலுகை" அல்ல. அந்த எண்ணைப் பெற்ற ஆய்வு, சோதனைக்கு வந்தவர்கள் சராசரியாக எப்படிச் செய்தார்கள் என்று அளந்து, அதையே குறைந்தபட்சத் தேவையாக மாற்றிவிட்டது. ஆண்–பெண் தரவுகளைப் பிரித்தும் பார்க்கவில்லை. தீயணைக்க அந்த எண் உண்மையிலேயே தேவை என்று அரசால் நிறுவமுடியவில்லை.

களம் சார் சொன்ன "திறமையான ஆளின் நேரத்தையே குறைந்தபட்சமாக எழுதிவிடுவது" என்ற பிசகுக்கு உறவான பிசகுதான் இது.

அந்தத் தீர்ப்பு மூன்று கேள்விகளை வைத்தது. தரநிலையின் நோக்கம் வேலையோடு தொடர்புள்ளதா? நல்லெண்ணத்தோடு கொண்டுவரப்பட்டதா? அந்த நோக்கத்துக்கு அது நியாயமாகத் தேவையா, வேறு வழியில் இடங்கொடுத்தால் நிர்வாகத்துக்குத் தாங்கமுடியாத சிரமம் வருமா? மூன்றாவதில்தான் பெரும்பாலான தரநிலைகள் விழும்.

மற்றொன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் கல்லிரி தீர்ப்பு, 2017 அக்டோபர். கிரேக்கக் காவலர் பள்ளியில் சேர ஆண், பெண் இருவருக்கும் ஒரே குறைந்தபட்ச உயரம்: 1.70 மீட்டர். எண் ஒன்றுதான். ஆனாலும் அது பெண்களில் மிகப் பெரும்பகுதியைத் தள்ளுகிறது. உடல்திறன் தேவை என்றால் அதை நேரடியாகச் சோதிக்கலாமே, உயரத்தை ஏன் அளக்கவேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. உயரம், எடை, மார்பளவு போன்ற உடல் அளவுகளைத் தரநிலையில் நுழைக்கும்போது, அது பணியின் எந்தப் பகுதிக்கு என்று சுட்டிக்காட்ட முடியவேண்டும். கவச வாகனத்துக்குள் இருக்கை, பெடல் தூரம் என்றால் சரி. "வழக்கம்" என்றால் நிற்காது.

நடைமுறையில் செய்யவேண்டியது ஆவணம். குழுவில் யார், எந்தத் தேதியில் எது முடிவானது, எந்த வேலை ஏன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, கட்-ஆஃபுக்கு முன் எந்தத் தரவு பார்க்கப்பட்டது என்பதெல்லாம் தேதியோடு இருக்கவேண்டும். பத்து வருடம் கழித்து வழக்கு வரும்போது அந்தக் குழுவில் இருந்த எவரும் பணியில் இருக்கமாட்டார்கள்.

நேர்கோடு

இதெல்லாம் தாளில் நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஏசிஎஃப்டி என்ற ராணுவ உடல்தகுதித் தேர்வை 2018-இல் ஆண்–பெண் பேதமில்லாமல்தான் கொண்டுவந்தார்கள். தொங்கியபடி முழங்காலை முழங்கைக்கு உயர்த்தும் லெக் டக் பயிற்சியில் பெண்கள் பெருமளவில் ஃபெயில் ஆனார்கள். 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு பிளாங்க் வைத்து, வயது–பாலின அட்டவணைக்குத் திரும்பினார்கள். "பேதமில்லாத தரநிலை" என்று தொடங்கினால் கடைசியில் தரத்தை இறக்குவதில்தான் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இறக்கிய தரத்தோடு காலாட்படைக்குள் வருபவரைக் கூட இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். அது அந்தப் பெண்ணுக்கே செய்யும் தீங்கு.

சுமைதாங்கி

கடைசி வரியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தரநிலையை உறுதியாக வைக்கவேண்டும் என்று அதிகம் விரும்பவேண்டியவர் அதைத் தாண்டி உள்ளே வரும் பெண்தான்.

ஆனால் ஏசிஎஃப்டி கதையிலிருந்து நான் எடுக்கும் பாடம் வேறு. அது படையில் இருக்கும் எல்லாருக்குமான ஒரே தேர்வு. அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவரும் காலாட்படை வீரரும் அதையே எழுதவேண்டும். பொதுத் தேர்வுக்கும் பணித் தேர்வுக்கும் நடுவில் நின்ற ஒன்று. பணிவாரியாக மூன்று நிலைகள் வைத்துப் பார்த்தார்கள், ஆனால் அந்தப் பயிற்சிகள் எல்லாப் பணிக்கும் பொருந்துபவை அல்ல. லெக் டக் எந்தப் பணியின் மாதிரி? சுவர் ஏறுவதற்கு என்றால் சுவரையே வைக்கலாம். பணியோடு கட்டிவைக்கப்படாத தேர்வு அரசியல் காற்றில் முதலில் விழும். அதே நாட்டில் ஆள்சேர்ப்பு வாசலிலிருக்கும் ஓபாட் ஒரே அட்டவணையோடு வந்தது. அதில் ஒவ்வொரு எண்ணும் பணி அளவீட்டிலிருந்து வந்தது.

2025 ஜூன் 1 முதல் ஏசிஎஃப்டிக்குப் பதில் ஏஎஃப்டி என்ற புதிய தேர்வு. பந்தெறிதல் போய் ஐந்து பயிற்சிகள். 21 போர்ப் பணிப்பிரிவுகளுக்கு ஆண்–பெண் பேதமில்லாத மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது 60, மொத்தம் 350. நேர்கோடு சார் கவனிக்கவேண்டியது: அந்தப் போர்ப்பிரிவு அட்டவணை வயதுவாரியாகப் பிரிந்தே இருக்கிறது. பணிதான் அளவுகோல் என்றால் வயதுக்குச் சலுகை ஏன்? காயம்பட்டவரை இழுக்கும் ஆளுக்கு 24 வயதா 44 வயதா என்பதில் மூட்டையின் எடை மாறுமா? வயதுக்கு ஒரு நியாயம், பாலினத்துக்கு இன்னொரு நியாயம் என்றால் அது பணித் தரநிலை ஆகாது. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிவித்த "ஆண்களுக்கான வயதுவாரி அட்டவணையில் 70 சதவீதத்துக்கு மேல்" என்ற விதியிலும் இதே குறை. ஆண்களின் அட்டவணை என்பது ஆண்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதன் பதிவு. பணி என்ன கேட்கிறது என்பது அதில் இல்லை. பணி கேட்பது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், சில வேலைகளில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

நேர்கோடு

வயது விஷயம் ஏற்கத்தக்க வாதம். ஆனால் மூத்த நாயப் சுபேதார்களின் வேலை ஓடுவதும் தூக்குவதும் மட்டுமல்லவே. அனுபவத்தை இழப்பதற்கும் விலை உண்டு.

களம்

உண்மை, அதற்கு வழி பணியைப் பிரிப்பது. பிளாட்டூன் ஹவில்தாரின் பணி வேறு, ரைபிள்காரரின் பணி வேறு என்றால் இரண்டுக்கும் தனிப் பகுப்பாய்வு செய்து தனி எண் வையுங்கள். அப்படிச் செய்தால் அந்தப் பதவியில் இருக்கும் 30 வயதுக்காரருக்கும் 45 வயதுக்காரருக்கும் ஒரே எண். வயதைக் காரணம் காட்டவே தேவையில்லை.

எலும்புமருந்து

தேர்வு பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தத் தேர்வுக்குக் கொண்டுபோகும் பயிற்சியில் ஆட்கள் உடைவது பற்றியும் பேசவேண்டும். தரநிலை சரியாக இருந்தும், பயிற்சித் திட்டம் ஒரு உடல்வாகுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், நடைமுறையில் பேதம் அங்கே வந்துவிடுகிறது.

சராசரியாகப் பெண்களுக்கு மேலுடல் பலம் ஆண்களில் ஏறக்குறைய 50–60 சதவீதம், கீழுடல் பலம் 60–70 சதவீதம் என்ற அளவில் இருக்கும். ஹீமோகுளோபின் 10 சதவீதம் போலக் குறைவு. இவை சராசரிகள்தான். இரு பக்கமும் பெரும் பரவல் உண்டு. முக்கியமாக, மேலுடல் பலம் பயிற்சிக்கு நன்றாகவே இசையும். முன்பின் பளு தூக்கியிராத பெண் முறையான பளுப்பயிற்சியில் சதவீதக் கணக்கில் ஆணுக்கு நிகராகவோ கூடுதலாகவோ முன்னேறுவார். ஓட்டமும் புஷ்-அப்பும் மட்டும் கொடுத்துவிட்டு டெட்லிஃப்ட் தேர்வு வைத்தால் அந்த முன்னேற்றம் வராது. வாரத்துக்கு 2–3 நாள் கனமான பளு, இடையில் சுமைநடை, ஓட்டத்தில் தூரத்தைவிட, வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளி ஓட்டம் என்ற கலவைதான் சுமைதூக்கும் திறனை உயர்த்துகிறது. சுமைநடை தினமும் வேண்டாம். 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, முதலில் தூரம், பிறகு எடை, கடைசியாக வேகம். மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் கணுக்காலுக்கு மேலே கணைக்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்) காத்திருக்கும்.

பயிற்சி பெறும் பெண்களிடம் இடுப்பெலும்பின் முன்பக்கக் கிளையில் வரும் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் தனிக் கவனம் கேட்கிறது. அணிவகுப்பில் நெட்டையான ஆளின் அடி நீளத்துக்கு எல்லாரும் ஒத்து நடக்கவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு ஒரு காரணம். குட்டையானவர் ஒவ்வொரு அடியிலும் காலை நீட்டிப் போடவேண்டியிருக்கும், அதுவும் சுமையோடு. தீர்வுக்குப் பணம் தேவையில்லை: குட்டையானவர்களை முன்வரிசையில் வையுங்கள், சுமைநடையில் அவரவர் அடி நீளத்தில் நடக்கவிடுங்கள், ஒத்த அடியை அணிவகுப்பு மைதானத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் அதே அளவு முக்கியம். நீண்ட பயிற்சிக் காலத்தில் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு அடர்த்தி இறங்கும், முறிவு வரும். மாதவிடாய் நின்றுபோவதைப் "பயிற்சியில் சகஜம்" என்று விடக்கூடாது. இரும்புச் சத்தும் வைட்டமின் டி-யும் சேர்க்கையின்போதே இரத்தத்தில் பார்க்கப்படவேண்டும். ஆண்களுக்கும் பாருங்கள், அங்கும் கண்டுபிடிக்கப்படாத குறைபாடு நிறைய.

பிரசவத்துக்குப் பின் தேர்வு எப்போது என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள், மேலதிகாரியின் மனநிலைக்கு விடாதீர்கள். அமெரிக்க ராணுவம் 2022-இல் அதை 365 நாள் என்று வைத்தது. தரநிலை மாறவில்லை, தேர்வின் தேதி மட்டும் தள்ளிப்போகிறது.

களம்

எலும்புமருந்து மேடம் சொன்ன அடி நீளம் மாதிரியே உபகரணத்திலும் நிறைய ஒளிந்திருக்கிறது. முதுகுப்பையின் சட்டம் நீண்ட உடலுக்கு அளவெடுத்தது என்றால் குட்டையானவரின் இடுப்புப்பட்டி இடுப்பில் உட்காராது, தொடையில் தொங்கும். அப்போது முழு எடையும் தோளில். அதே 25 கிலோ, ஆனால் வேறு சுமை. கவச உடை பெரிதாக இருந்தால் தோளை உயர்த்தித் துப்பாக்கியைப் பதிக்கமுடியாது. தேர்வு எண்ணை முடிவுசெய்வதற்கு முன் எல்லா அளவிலும் உபகரணம் கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் எடுத்த தரவு உபகரணத்தின் குறையை ஆளின் குறையாகக் காட்டும்.

தேர்வு நடத்தும் தரையும் அப்படித்தான். 110 கிலோ மூட்டையை இழுக்கத் தேவையான விசை தரையின் உராய்வைப் பொறுத்தது. உராய்வுக் குணகம் 0.5 என்றால் சுமார் 540 நியூட்டன், அதாவது 55 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். 0.7 என்றால் 755 நியூட்டன், 77 கிலோவுக்குச் சமம். ஒரு முகாமில் மழமழப்பான உள்ளரங்கத் தரை, இன்னொன்றில் காய்ந்த புல், மூன்றாவதில் ஈரமான ரப்பர் என்றால் மூன்றும் மூன்று தேர்வு. எடையை மட்டும் விதியில் எழுதி விசையை எழுதாமல் விட்டால் எந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார் என்பதே பாஸ், ஃபெயிலைத் தீர்மானிக்கும். தொங்குதராசு ஒன்றை மூட்டையின் கயிற்றில் மாட்டி, நிதானமாக இழுத்து, நகரும்போது காட்டும் எண்ணை ஒவ்வொரு தேர்வு நாளும் காலையில் பதியுங்கள். குறித்த அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் மூட்டையில் மணலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். மூட்டையின் அடித்துணியும் தேயும். தேயத் தேய வழுக்கும். அதையும் மாற்றவேண்டும்.

செய்முறை பற்றி ஒன்று. பாதுகாப்புக்கு அவசியமானதைத் தவிர எப்படித் தூக்கவேண்டும் என்று கட்டளையிடாதீர்கள். தண்ணீர் கேனை மார்போடு அணைத்தாலும் தொங்கவிட்டாலும் 240 மீட்டர் போய்ச்சேர்ந்தால் வேலை முடிந்தது. பணியில் இருவர் சேர்ந்து தூக்குவது விதி என்றால் தேர்விலும் இருவர். தனியாகத் தூக்கவைத்துப் பெருமைப்படுவதில் பணிக்கு ஒரு பயனும் இல்லை.

எண்கணக்கன்

தேர்வு நாள் நடைமுறைக்கு வருகிறேன். பந்தெறிதல், டெட்லிஃப்ட் இரண்டிலும் பழக்கம் ஒன்றே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். முதல் முயற்சிக்கும் மூன்றாவதற்கும் நடுவில் பலம் கூடுவதில்லை, கை பழகுகிறது. ஜிம் வாசனை இல்லாமல் வருபவருக்கு இது பெரிய பாதகம். எனவே எண்ணுக்கு எடுக்கும் நாளுக்கு முன் குறைந்தது இரண்டு பழகு அமர்வுகள் எல்லாருக்கும் கட்டாயம். வரிசையும் நிலையாக இருக்கட்டும்: பலம் முதலில், இழுத்தலும் சுமத்தலும் நடுவில், நீண்ட தூரம் கடைசியில், இடைவெளி கடிகாரத்தில்.

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. கட்-ஆஃப் 70 கிலோ, அளவீட்டுப் பிழை 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 68-இல் நின்றவர் உண்மையில் 70-ஐ எட்டக்கூடியவராக இருக்கலாம், 71 தூக்கியவர் எட்டாதவராகவும் இருக்கலாம். கோட்டை 67-க்கு இறக்கி இதைச் சரிசெய்யமுடியாது. சில நாள் ஓய்வுக்குப் பின் மறுதேர்வு என்ற உரிமையை விதியில் வையுங்கள். எல்லாருக்கும் அதே எண்ணிக்கையில் மறுதேர்வு.

பிறகு பின்தொடர்தல். தேர்வில் பாஸானவர்கள் பயிற்சியை முடித்தார்களா, முதல் இரண்டு வருடத்தில் காயமடைந்தார்களா, பணி மாதிரியை மீண்டும் செய்யும்போது கோட்டுக்கு மேலே இருக்கிறார்களா என்ற தரவை ஆண், பெண், உயரம், எடை வாரியாகச் சேகரித்து, 5 வருடத்துக்கு ஒருமுறை ரிக்ரெஷனை மறுபடி போடவேண்டும். புதிய கவச உடை வந்தால், பீரங்கிக்குத் தானியங்கி ஏற்றி வந்தால், வண்டி மாறினால், 5 வருடம் வரை காத்திருக்காமல் உடனே. ஏற்றும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும் பழைய 43 கிலோ எண் விதியில் தொடர்ந்தால், அதற்குப் பின்னால் பணி என்று எதுவும் இல்லை.

புதுவரவு

விளக்கங்களுக்கு நன்றி. ஒன்று மட்டும்: ஆள்சேர்ப்பில் வைக்கும் எண்ணும் பயிற்சி முடிவில் வைக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டுமா?

எண்கணக்கன்

தேவையில்லை, இருக்கவும் கூடாது. முடிவு எண் பணியிலிருந்து வருகிறது. சேர்க்கை எண் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. உதாரணத்துக்கு, முடிவில் டெட்லிஃப்ட் 90 கிலோ வேண்டும், உங்கள் பயிற்சித் திட்டம் சராசரியாக 20 சதவீதம் உயர்த்துகிறது என்றால் சேர்க்கைக்கு 75 கிலோ. ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் பாதிப்பேர் அந்த முன்னேற்றத்தை எட்டமாட்டார்கள். நூற்றுக்கு 80 பேராவது எட்டும் முன்னேற்றம் எவ்வளவு என்று பாருங்கள். அது 12 சதவீதம் என்றால் சேர்க்கை எண் சுமார் 80 கிலோ. இந்த முன்னேற்றச் சதவீதத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பெண்களின் முன்னேற்றம் குறைவாக வந்தால், முதலில் எலும்புமருந்து மேடம் சொன்ன பளுப்பயிற்சி உண்மையில் நடந்ததா என்று சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சேர்க்கை எண்ணைத் தொடுங்கள்.